வழிச்செல்வார் உணவு

கேள்விச் செல்வத்தைத் திருவள்ளுவர் உணவோடு ஒப்பிட்டு அதற்கே முதலிடம் தந்தனர். இல்லத்தில் இருந்து கேட்பார்க்கு அம்முறை எளிது. வெளியூர் மாநாட்டிற்குச் சென்று கேட்பார்க்கோ, நண்பகல் மணி ஒன்றானதும் அம்முறை தலைகீழாகின்றது. மேடையில் பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இலக்கணம் விரிந்துகொண்டிருக்கும். கேட்போர் உள்ளமோ, 'இவ்வூரில் நல்ல சோறு எங்கே கிடைக்கும்? அதற்கு என்ன விலை கேட்பார்கள்?' என்னும் நாலாம் பொருளை ஆராய்ந்துகொண்டிருக்கும். இது நகைத்தற்குரியது போலத் தோன்றினும், வறிய அன்பர்க்கு நகைப்பன்று. அவர் அடுத்த மாநாட்டிற்கு வருவதும் வாராதொழிவதும் பெரும்பாலும் இவ்வொன்றனாலேயே முடிவாகின்றன.

சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர்க்கு, அண்மையில் திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் மூன்று நாள் நடந்த சமயக் கருத்தரங்கிற்கு அழைப்பு வந்தது. அவர் சமயதீட்சை பெற்றவர், புலால் உண்ணாதவர். சிவஞான சித்தியாரைப் பற்றி ஓராண்டு உழைத்து எழுதிய கட்டுரை ஒன்றை அங்கே படித்தற்கு இசைந்திருந்தார். அழைப்பிதழில் தலைவர், முன்னிலையாளர், வாழ்த்துரையாளர் பெயர்கள் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தன. கீழே சிற்றெழுத்தில், 'உணவு அவரவர் பொறுப்பு' என்று ஒருவரி காணப்பட்டது. பெரிய எழுத்துகளை மகிழ்ந்து படித்த அன்பர் சிற்றெழுத்தைப் பொருட்படுத்தினாரில்லை. நாளொன்றுக்கு உணவிற்கென 200 ரூபாய் வகுத்துக்கொண்டு வண்டியேறினார்.

பேட்டை என்பது நகர்ப்புறத்தே வணிகர் கூடிப் பொருள் மாறும் இடத்திற்கு வழங்கும் பெயர். திருநெல்வேலிப் பேட்டை நெல்லையப்பர் திருக்கோயிற்கு மேற்கே சேரன்மாதேவி செல்லும் சாலையில் உள்ளது. நெல்லையிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில் அப்பெயரால் ஒரு நிலையமும் உண்டு. 1878-ஆம் ஆண்டு கல்லூரியாக உயர்ந்ததும், மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை அதன் தொடக்க நாள்களிற் பணியாற்றியதுமாகிய இந்துக் கல்லூரி இப்பொழுது இப்பேட்டையிலேயே இருக்கின்றது. மாணவரும் வண்டிக்காரரும் சுமை தூக்குவோரும் நாள்தோறும் வந்துபோகும் இத்தகைய ஊரில் அவரெல்லாம் உண்ணும் இடங்கள் இருத்தல் வேண்டுமன்றோ? அன்பர்க்கு இது பின்னரே தோன்றிற்று.

முதல்நாட் காலை அவர் திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கினார். நீராடி, நீறணிந்து, அனுட்டானம் முடித்தபின், கண்ணிற் பட்ட பெரிய ஓட்டல் ஒன்றிற் புகுந்தார். அது குளிரூட்டிய கூடம். விலைப்பட்டியில் ஆங்கிலப் பெயர்கள். சிறுபொழுதில் முடிந்த அச்சிற்றுண்டிக்கு 220 ரூபாய் கேட்டனர். அவர் வாய்பேசாது கொடுத்துவிட்டு வெளியே வந்து ஈரடுக்கு மேம்பாலத்தின்மேற் பேருந்திற் செல்லுங்கால் விரலால் கணக்கிட்டார். ஒரு நாள் முழுமைக்கும் வகுத்த பொருள் ஒரு வேளைக்கும் போதவில்லை. திரும்பும் வண்டிச்சீட்டு முன்னரே வாங்கியிருந்தமையால் அவ்வளவில் ஆறுதல் உண்டாயிற்று. அன்று நண்பகல் தேநீரோடு கழிந்தது. இரவு இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் ஆயின.

இரண்டாம் நாள் முற்பகலில் ஓர் அறிஞர் இளையான்குடி மாற நாயனார் வரலாற்றை விரித்துரைத்தார். வறுமை வந்துற்ற காலத்து, மழை பொழியும் நள்ளிரவில், சிவனடியார் வேடத்தோடு இறைவன் வந்தருள, அன்று விதைத்த முளைநெல்லை இருளில் அரித்தெடுத்து வந்ததும், கூரையின் வரிச்சை அறுத்து விறகாக்கியதும், மனைவியார் குழிக்கீரையைக் கறியாக்கியதும் உருக்கமாக எடுத்தோதப்பட்டன. அவையோர் கண்ணீர் வடித்தனர். அன்பரும் கண்ணீர் வடித்தார். ஆனால் அவருடைய கண்ணீரிற் பசியும் கலந்திருந்தது. தலை சற்றே சுழன்றது. தமது கட்டுரை மறுநாளே படிக்கப்பட இருந்தது. அதுவரை தாங்குமோ என்னும் ஐயம் எழவே, கட்டுரையை நண்பர் ஒருவர் கையிற் கொடுத்துவிட்டு அன்று மாலையே ஊர் திரும்புவது என்று உள்ளத்துட் துணிந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே மரங்கட்கு நீர் விட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, 'இங்கே நல்ல ஓட்டல் எது?' என்று கேட்க வாயெடுத்தார். முன்நாள் கேட்ட விலை நினைவிற்கு வந்தது. கேள்வியை மாற்றி, 'ஐயா, நீங்கள் நண்பகலில் எங்கே சாப்பிடுகிறீர்கள்?' என்றார். அம்மாற்றமே அவரைக் காத்தது. அம்முதியவர் குழாயை மூடிவிட்டு, 'நானும் அங்கேதான் புறப்படுகிறேன். வாருங்கள் ஐயா' என்று அழைத்துச் சென்றார்.

சாலையினின்று ஒரு சந்து திரும்பியதும் ஒரு வீட்டின் முன்கூடம். பெயர்ப்பலகை இல்லை, சுவரில் விலை மட்டும் எழுதியிருந்தது. நண்பகற் சாப்பாடு 70 ரூபாய். ஐம்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் அடுப்படியிலிருந்து, 'வாங்க அண்ணாச்சி' என்று முதியவரை வரவேற்றனர். இரண்டு பெஞ்சுகளில் மாணவர் சிலரும், சுமை தூக்குவோர் இருவரும், ஆட்டோ ஓட்டும் இளைஞன் ஒருவனும் இலைமுன் இருந்தனர். முதியவர் ஓரிடத்தில் அமர்ந்து, பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டிக் காட்டினார்.

அன்பர் தயங்கி நின்றார். அவர் பிறந்து வளர்ந்த குடும்பத்தில் அயலார் வீட்டிற் கைநனைத்தல் வழக்கமில்லை. சமைத்தவர் யார், உடனிருப்பவர் யார் என்று கேட்டறிந்தன்றி அவர் தந்தையார் தண்ணீரும் பருகியதில்லை. அவ்வினா இவர் நாவின் நுனியில் வந்து நின்றது. அவ்வேளையில் அம்மையார் இவரது நெற்றியையும் கழுத்திலிருந்த அக்கமணியையும் நோக்கி, 'ஐயா, இன்று பிரதோடம். விரதம் உள்ளவர்கள் நாலுபேர் வருவார்கள் என்று வெங்காயம் பூண்டு சேர்க்காத குழம்பு ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். அதை விடட்டுமா?' என்று கேட்டனர்.

அன்பர் ஒன்றும் பேசாது அமர்ந்தார். அவர் அம்மையாரின் பிறப்பை வினாவ நின்றார். அம்மையாரோ இவரது நோன்பை வினாவினர். இரண்டு வினாக்களில் எது சைவம் என்பதை அவர்க்கு எவரும் உரைக்க வேண்டியிருந்ததில்லை. இலையில் விழுந்த முதற் சோற்றைப் பிசையுங்கால் அவர் கை சற்றே நடுங்கிற்று என்று பின்னர் அவரே நண்பர்களிடம் கூறினார்.

அவியல், தேங்காய் அரைத்த கூட்டு, புளிக்குழம்பு, இரசம், மோர் என அன்றைய உணவு எளியதே. சொதியும் இஞ்சித் துவையலும் திருமணத்தின் மறுவீட்டு விருந்திற்கு உரியன என்றும், உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வாரத்தில் ஒருநாள் உண்டு என்றும் அம்மையார் தெரிவித்தனர். மூன்றாம் முறையும் சோறு வேண்டுமா என்று கேட்டுப் படைத்தனர். அன்று பிற்பகல் அன்பர் அரங்கிற்கு மீண்டார். மறுநாள் கட்டுரையும் படித்தார்.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. பேட்டைக்கு அடுத்த இருப்புப்பாதை நிலையம் சேரன்மாதேவி. வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் அவ்வூரிலேயே நடைபெற்றது. தாய்நாட்டன்பும் தாய்மொழியும் கைத்தொழிலும் ஊட்ட எழுந்த அந்நிலையத்தில், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டமை பற்றி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழ்நாடெங்கும் பரவிற்று. ஈ. வெ. இராமசாமியார் 1925-இல் காங்கிரசினின்று நீங்குதற்கு அதுவும் ஒரு காரணம் ஆயிற்று. ஐயர் பெருந்தியாகி, அவர்தம் குருகுல நோக்கமும் உயர்ந்ததே. ஆயினும் அறிவெல்லாம் ஒருங்கே ஊட்டக் கருதிய இடத்தில் சோற்றை ஒருங்கே ஊட்ட இயலாது போயிற்று. அன்று பேரறிஞர் பலர் கூடியும் தீர்க்கலாகாத வழக்கை இன்று 70 ரூபாய்ச் சாப்பாட்டுக் கூடம் நாள்தோறும் ஓசையின்றித் தீர்த்துவைக்கின்றது.

இதனை எண்ணுங்கால் பழைய சத்திரங்களின் நினைவும் எழுகின்றது. நடந்தும் வண்டியிலும் மக்கள் வழிச்சென்ற காலத்தில், ஒருநாட் செலவுக்கு ஓர் இடமாக அவை அமைந்தன. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ்பெற்றனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் நிறுவினர். இருப்புப்பாதை வந்தபின் பல நாள் வழி ஓரிரவாகச் சுருங்கவே, இடைவழிச் சத்திரங்கட்கு வேலை குறைந்தது. அவை விலை கேளாது சோறிட்டன. அது பேரறம், மறத்தற்கரியது. ஆயினும் அவற்றுட் பல சாதி கேட்டுப் பந்தி பிரித்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. இன்றைய உணவுச்சாலை விலை கேட்கின்றது, சாதி கேட்பதில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, பொது உணவுச்சாலைகளிற் சாதி முதலியன பற்றி எவரையும் தடுத்தலாகாது என விதிக்கின்றது.

சமைத்த அன்னத்தை விற்றல் பழி என்னும் எண்ணம் நம் முன்னோரிடை இருந்தது. விருந்தினர்க்கு விலை கூறுதல் ஆகாது என்னும் உயர்ந்த கருத்தினின்று அது பிறந்தது. ஆயின், அரிசியும் விறகும் வாடகையும் கொடுத்து வாங்கிச் சமைக்கும் ஏழை அம்மையார் தம் உழைப்பிற்கு அளவான கூலி சேர்த்துப் பெறுதல் எவ்வாறு பழியாகும்? பசித்தவன் பசியை அளந்து விலையேற்றுதலும், பழையதைப் புதியதென்று இடுதலும், அளவைக் குறைத்தலுமே பழி. மூன்றாம் நாள் விடைபெறுங்கால் அன்பர் நன்றிமிகுதியால் விலைக்குமேல் நூறு ரூபாய் நீட்டினார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. 'இன்று உங்களிடம் கூடுதலாக வாங்கினால், நாளை வருகிறவரிடமும் கை எதிர்பார்க்கும் ஐயா' என்றனர். துறவு நூல்கள் பலவற்றை ஓதிய அன்பர்க்கு அவாவின் பிறப்பு இத்துணைச் சுருக்கமாக விளங்கியது அன்றுதான்.

அன்பர் அம்மூன்று நாளிற் கற்றவற்றை ஊர் திரும்பியபின் மாநாடுகட்குச் செல்லும் நண்பர்க்கு எடுத்துரைத்தார். அவற்றை இங்கே தொகுத்துக் கூறுதல் பயன்படும்.

புதிய ஊரில் 'நல்ல ஓட்டல் எது' என்று வினாவுதலின், 'நீங்கள் எங்கே உண்கிறீர்கள்' என்று அவ்வூரில் உழைப்பாரை வினாவுதல் நன்று. முன்னதற்கு விடை, கேட்பவர் உடையைப் பார்த்து வரும். பின்னதற்கு விடை உண்மையாய் வரும். நிலையத்தின் எதிரிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் விலை மிகுதற்குக் காரணம் இடவாடகை மாத்திரம் அன்று. அங்கே உண்பவர் பெரும்பாலும் மீண்டும் வாராதவர். நாளையும் வருபவர்க்குச் சமைக்குங்கால் உண்டாகும் அச்சமும் அன்பும் அங்கே குறைவு. ஆகலின் இரண்டு தெரு உள்ளே நடத்தல் வேண்டும். அறிவிப்பின் பகட்டும் சான்றாகாது. நெல்லைக் கீழரத வீதியில் மாலையில் மட்டும் திறக்கும் அல்வாக் கடை மங்கிய விளக்கினாலேயே 'இருட்டுக்கடை' எனப் பெயர் பெற்றது. அதன்முன் நிற்கும் கூட்டமே அதற்கு விளம்பரம்.

பலர் வந்து உண்டு எழும் வேளையிற் சென்றால் உணவு புதிதாய் இருக்கும். காலந்தாழ்த்துச் சென்றால் மீந்ததே கிடைக்கும். அமருமுன் விலையையும், அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்பதையும் கேட்டறிதல் நாணத்தக்கது அன்று. உண்டபின் வாதிடுதலே நாணத்தக்கது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உணவு விற்பார் பெறவேண்டிய பதிவையோ உரிமத்தையோ சுவரிற் காணலாம். அதனினும் கைகழுவும் இடத்தைக் காணுதல் விரைந்த தேர்வு. விரதமும் விலக்கும் உடையார் இலையிற் சோறு விழுமுன் அதனைச் சொல்லுதல் வேண்டும். விழுந்தபின் ஒதுக்குதல் அன்னத்திற்கும் இட்டவர்க்கும் இழிவு.

பொருள் முற்றிலும் இல்லாதார்க்கு வேறு வழிகளும் உண்டு. 1867-இல் வள்ளலார் வடலூரில் நிறுவிய தருமச்சாலை பசித்தார்க்குச் சோறிடுதலையே வழிபாடாகக் காட்டிற்று. 2002 முதல் அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் நண்பகல் அன்னதானம் நடைபெறுகின்றது. 2013-இல் அரசு தொடங்கிய அம்மா உணவகங்களில் தொடக்கத்தில் ஓர் இட்டிலி 1 ரூபாய்க்கும் சாம்பார்ச் சோறு 5 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. கையிற் காசுடையவர் இல்லாதவர்க்குரிய இடத்தைக் கைக்கொள்ளல் தகாது என்று கருதியே அன்பர் திருக்கோயிற் பந்தியை நாடவில்லை. காசில்லாதவர் நாணாது நாடுக.

இனி மாநாடு கூட்டுவார் கடமை. வந்தார் அனைவர்க்கும் விருந்திட எல்லாக் கழகத்தார்க்கும் பொருள்வலி இராது; அதனை எவரும் குறை கூறார். ஆனால் அழைப்பிதழில் வாழ்த்துரையாளர் பெயர்களில் இரண்டைக் குறைத்து, அவ்விடத்தில் அருகே அளவான விலைக்கு உணவு கிடைக்கும் இடங்கள் மூன்றனை விலையோடு குறித்தல் எத்துணை எளிது! நண்பகல் அமர்வைக் குறித்த வேளையில் முடித்தலும் அத்தகைய தொண்டே. வறிய அன்பர் ஒருவர் பசியால் பாதியில் ஊர் திரும்புவாராயின், அவர் கொண்டுவந்த ஓராண்டு உழைப்பும் அவரோடு திரும்பிவிடும். அவ்விழப்பு அவையினர்க்கே.

பெரியபுராணத்தை ஓதுவார் இதனை நன்கறிவர். திருநாவுக்கரசு சுவாமிகள் பசியும் வேட்கையுங் கொண்டு திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் இறைவன் பொதிசோறு கொண்டு காத்திருந்தருளினன். சுந்தரமூர்த்தி சுவாமிகட்குத் திருக்குருகாவூர் வழியிற் பந்தரிட்டுத் தண்ணீரும் பொதிசோறும் அளித்தனன். திருக்கச்சூரிலோ நண்பகல் வெயிலில் வீடுதோறும் தானே சென்று இரந்து கொணர்ந்தூட்டினன். இம்மூன்றிடத்தும் இறைவன் உபதேசத்தை முன்னும் உணவைப் பின்னும் வைத்தானில்லை. அடியாரது களைப்பைக் கண்டான், சோறிட்டான். அந்தணராகிய அப்பூதியடிகள், கண்டறியாத திருநாவுக்கரசரது பெயரால் வழியில் தண்ணீர்ப்பந்தர் வைத்து, அவர் வந்தபோது தம் இல்லத்தே அமுது படைத்தனர், குலம் வினாவினாரில்லை. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரோடு கூடி அவரைச் சிவமெனவே வழிபடுதலைக் கூறுகின்றது. அதன் பொருளை மேடையில் விளக்குவார்க்கு முன்வரிசையிற் பசித்திருப்பார் முகம் தெரிதல் வேண்டும்.

திருநெல்வேலி என்னும் பெயரே உணவின் வரலாறு ஆகும். வறியராகிய வேதபட்டர் இறைவற்கு அமுதாக்க இரந்து சேர்த்து உலரவைத்த நெல்லை, திடீரெனப் பெய்த பெருமழை கொண்டுபோகாதபடி இறைவன் வேலியிட்டுக் காத்தருளினன் என்பது அத்தலத்தின் வரலாறு. ஊர் திரும்பும் நாள் மாலையில் அன்பர் நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் வணங்கச் சென்றார். சந்நிதியில் நின்றபோது, ஒருபிடி நெல்லுக்கு வேலியிட்டவன் சந்துமுனையில் ஒரு கூடத்தையும் தமக்காகக் காத்துவைத்தான் என்று அவர்க்குத் தோன்றிற்று. அக்கூடத்தின் வழியையும், அன்றைய விலையையும், பிரதோடத்தன்று தனிக்குழம்பு உண்டு என்பதையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, அடுத்த ஆண்டு வருவார்க்குப் பயன்படும் எனக் கருத்தரங்கு நடத்துவாரிடம் கொடுத்துவிட்டே வண்டியேறினார்.

திருச்சிற்றம்பலம்.